கணக்கு ஒப்புவித்த அமைச்சர்

மாலை வேளையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நீங்கள் நின்றிருப்பீர்கள். நாள் முழுதும் மலைச்சரிவில் ஏறி இறங்கிப் பறித்த கொழுந்து தராசில் தொங்குகிறது. தராசு காட்டும் நிறை ஒன்று; துண்டில் எழுதப்படும் நிறை வேறொன்று. சாக்குக்கு என்றும், ஈரத்துக்கு என்றும் ஏதோ கழிபடுகிறது. ஏன் இவ்வளவு கழிக்கிறீர்கள் என்று கேட்டால், நிறுப்பவர் தமக்கு மேலிடத்து உத்தரவு என்பார். மேலிடத்தில் போய்க் கேட்டால், கீழே நடப்பது தமக்குத் தெரியாது என்பார்கள். ஆக, கழிக்கப்பட்ட கொழுந்துக்குப் பொறுப்பாளி என்று ஒருவரும் இல்லை. பறித்த கைகள்தாம் நட்டத்தைத் தாங்குகின்றன.

பசறையிலும் நமுனுகுலையிலும் லுணுகலையிலும் ஹாலிஎலையிலும் அப்புத்தளையிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. கீழே உள்ளவன் செய்த காரியத்துக்கு மேலே உள்ளவன் பதில் சொல்லவேண்டுமா? சொல்லவேண்டுமானால் எதுவரைக்கும்? இதே கேள்வி ஒரு காலத்தில் இந்திய நாட்டின் நிதியமைச்சர் முன்பாக வந்து நின்றது. அவர் தமிழர். அந்நாட்டின் அறிவாளிகளுள் ஒருவர் என்று பெயர் பெற்றவர். அந்தக் கேள்வியே அவரை ஆசனத்திலிருந்து இறக்கியது. அவரே டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அவர் கதையை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

சவர்க்காரம் விற்றவர்

கிருஷ்ணமாச்சாரி 1899ஆம் ஆண்டில், சென்னையில் வசதியும் கல்வியும் உள்ள ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் படித்தார். படித்தவர்கள் சட்டத்தையோ சர்க்கார் உத்தியோகத்தையோ நாடிய காலம் அது. அவரோ வியாபாரத்தைத் தேர்ந்துகொண்டார். 1928இல் தமது பெயரிலேயே ஒரு வியாபாரக் கம்பனியைத் தொடங்கினார். சவர்க்காரம் முதலான வீட்டுப் பாவனைப் பொருள்களைச் சென்னை மாகாணத்தின் ஊர்களுக்கும் கிராமங்களுக்கும் கொண்டுசென்று விற்பனை செய்வதே அதன் தொழில். எந்த ஊரில் எந்தக் கடை, எந்தக் கடையில் எவ்வளவு சரக்கு, எந்த மாதத்தில் விற்பனை கூடும் என்பனவற்றையெல்லாம் அவர் விரல் நுனியில் வைத்திருந்தார். டி. டி. கே. என்ற மூன்று எழுத்துக்களைப் பின்னாளில் தென்னிந்தியக் குடும்பங்கள் அறிந்துகொண்டது அந்தக் கம்பனியின் மூலமாகத்தான்.

வியாபாரத்தில் நிலைபெற்றபின் அரசியலுக்கு வந்தார். சென்னைச் சட்டசபைக்குச் சுயேச்சையாகத் தெரிவாகிப் பிறகு காங்கிரசிற் சேர்ந்தார். 1942இல் மத்திய சட்டசபை உறுப்பினரானார். சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவின் அரசியல் அமைப்பை எழுதுவதற்கென்று அமைந்த சபையிலும் இடம் பெற்றார். அதன் வரைவுக் குழுவில் ஓர் உறுப்பினர் இறந்தபோது அந்த இடம் இவருக்குக் கிடைத்தது.

இவர் குணத்தை அறிய ஒரு செய்தி சொல்கிறேன். 1948ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அச்சபையில் இவர் பேசினார். வரைவுக் குழுவில் எழுவர் நியமிக்கப்பட்டிருந்தும், ஒருவர் விலகி, ஒருவர் இறந்து, ஒருவர் வெளிநாட்டிலிருந்து, வேறு சிலர் உடல்நலமின்மையாலும் வேறு அலுவல்களாலும் வராமற் போக, வேலைப் பாரம் முழுவதும் டாக்டர் அம்பேத்கர் ஒருவர் தோளில் விழுந்தது என்பதை வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் குழுவில் தாமும் இருந்துகொண்டு, பெருமையைப் பங்குபோட நினையாமல் உழைத்தவருக்கே கொடுத்தார். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவரின் உழைப்பை உயர்ந்த குலத்தில் பிறந்த ஒருவர் இவ்வாறு சபையறியச் சொன்னது சிறிய காரியமன்று. உண்மையைச் சொல்ல அஞ்சாத நாக்கு அவருக்கு இருந்தது. அதே நாக்குக் கூரியதுமாக இருந்தபடியால், பகைவர்களும் அவருக்குப் பலர் உண்டாயினர்.

உயர்ந்த ஆசனம்

1952இல் நடந்த முதலாவது பொதுத் தேர்தலில் சென்னையிலிருந்து பாராளுமன்றத்துக்குச் சென்றார். பிரதமர் நேரு அவரை வர்த்தக, கைத்தொழில் அமைச்சராக்கினார். பிறகு உருக்கு, இரும்பு அமைச்சும் அவர் பொறுப்பில் வந்தது. ரூர்கேலா, பிலாய், துர்காப்பூர் என்ற மூன்று பெரிய உருக்குத் தொழிற்சாலைகளுக்கு வழி திறந்த காலம் அதுவே. அந்நிய நாட்டிலிருந்து வாங்கும் பொருளை நம் நாட்டிலேயே ஏன் செய்யக்கூடாது என்பது அவர் ஓயாமற் கேட்ட கேள்வி.

1956 ஆகஸ்டு மாதத்தில் நிதியமைச்சர் ஆனார். செல்வத்தின் மேல் வரி, ஆடம்பரச் செலவின் மேல் வரி என்று இரண்டு புதிய வரிகளை 1957இல் விதித்தார். பணக்காரர் முகம் சுளித்தனர். பதினாறு அணா கொண்ட ரூபாய் நூறு பைசாவாக மாறியதும் அவர் காலத்தில், 1957 ஏப்ரல் முதலாந் திகதியன்றுதான். நம் இலங்கையிலோ 1872 முதலே சதக்கணக்கு நடைமுறைக்கு வந்துவிட்டது.

நேருவின் நம்பிக்கை, நிருவாகத் திறமை, பேச்சு வன்மை எல்லாம் இருந்தன. அவர் இன்னும் மேலே போவார் என்றே அநேகர் எண்ணினர். ஆனால் சரிவு வெகு சமீபத்தில் இருந்தது.

விதவைகளின் பணம்

இவ்விடத்தில் ஆயுட் காப்புறுதியைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். குடும்பத் தலைவன் மாதந்தோறும் சிறு தொகை கட்டிவருகிறான். தான் இறந்துபோனால் மனைவி மக்கள் தெருவில் நிற்கக்கூடாது என்பது அவன் எண்ணம். ஆகவே அந்தப் பணம் வெறும் பணமன்று. நாளைய விதவைகளின், அநாதைகளின் பணம். இந்தியாவில் அக்காலத்தில் தனியார் கம்பனிகள் பல இப்பணத்தைத் திரட்டின. சில கம்பனிகள் மூழ்கின. சில முதலாளிகள் அதைத் தம் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பினர். இதைத் தடுப்பதற்காகவே அரசாங்கம் 1956இல் ஆயுட் காப்புறுதித் தொழிலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. உள்நாட்டதும் வெளிநாட்டதுமாக 245 நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் முதலாந் திகதி ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் பிறந்தது. ஏழையின் பணத்துக்கு இனி அரசாங்கமே காவல் என்று மக்கள் நம்பினர்.

ஒரு வருடங்கூட நிறையவில்லை. கல்கத்தாவில் ஹரிதாஸ் முந்திரா என்று ஒருவர் இருந்தார். சிறிய வியாபாரியாய்த் தொடங்கி, கம்பனிப் பங்குகளை வாங்கி விற்கும் சூதாட்டத்தில் வேகமாக உயர்ந்தவர். பங்கு என்றதும் நமக்கு நம் கோயிற் பங்குதான் நினைவுக்கு வரும். அங்கே சொல்லப்படுவது கம்பனியின் முதலில் ஒரு கூறு. முந்திரா கடன்பட்டுத் தத்தளித்துக்கொண்டிருந்த சமயத்தில், 1957 ஜூன் மாதத்தில், கூட்டுத்தாபனம் அவருடைய ஆறு கம்பனிகளின் பங்குகளை ஏறக்குறைய ஒரு கோடியே இருபத்துநான்கு இலட்சம் ரூபாவுக்கு வாங்கியது. பணத்தை எதில் முதலிடலாம் என்று ஆராய்வதற்குக் கூட்டுத்தாபனத்தில் ஒரு குழு இருந்தது. அந்தக் குழுவைக் கேட்கவேயில்லை. அவசர அவசரமாய்க் காரியம் முடிந்தது. பங்குச் சந்தை சரியாதிருக்கவே இப்படிச் செய்தோம் என்று பிறகு காரணம் காட்டப்பட்டது. நிதியமைச்சின் செயலாளர் எச். எம். பட்டேலும் கூட்டுத்தாபனத்தின் உயர் அதிகாரிகளும் இதில் முன்னின்றனர்.

மருமகன் எழுப்பிய கேள்வி

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளுங் காங்கிரசின் உறுப்பினரும், பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி. 1957 டிசம்பர் 16ஆந் திகதி அவர் பாராளுமன்றத்தில் எழுந்து, திகதி, தொகை, கம்பனிப் பெயர் என்று ஒவ்வொன்றாய் அடுக்கி, காப்புறுதிதாரரின் பணம் ஒரு தனிமனிதனைக் காப்பாற்றச் செலவிடப்பட்டதா என்று கேட்டார். சில பங்குகளுக்குச் சந்தை மதிப்பிலும் கூடிய விலை கொடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. பாராளுமன்ற நடவடிக்கைகளைப் பத்திரிகைகள் அச்சமின்றி வெளியிட இடங்கொடுக்கும் சட்டம் ஒன்றையும் அதே பெரோஸ் காந்திதான் 1956இல் கொண்டுவந்திருந்தார். ஆகவே சபையிற் பேசப்பட்டது நாடெங்கும் பரவியது.

வாசகரே, கிருஷ்ணமாச்சாரி இங்கேதான் வழி தவறினார் என்று நான் எண்ணுகிறேன். முதலிற் சபையில் கேள்வி எழுந்தபோது அவர் கொடுத்த மறுமொழியில் முழு விபரமும் இல்லை. பிறகு அந்தக் கொள்வனவை நியாயப்படுத்திப் பேசினார். இறுதியில் விசாரணை நடந்தபோது, அதற்குத் தாம் அனுமதி வழங்கவில்லை என்று நின்றார். செயலாளரோ அமைச்சருக்குத் தெரிந்தே யாவும் நடந்தன என்றார். தொடக்கத்திலேயே உள்ளதை உள்ளபடி சபைமுன் வைத்திருந்தால் காரியம் இவ்வளவு தூரம் போயிருக்குமோ என்னவோ.

விசாரணைக்கு நேரு ஒரு நீதிபதியை நியமித்தார். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் எம். சி. சாக்ளா அவர். தனி ஒருவராக அமர்ந்து, கதவைத் திறந்துவைத்து, பகிரங்கமாக விசாரித்தார். மண்டபம் கொள்ளாமற் கூட்டம் வந்தபடியால், வெளியே நின்றவர்கள் கேட்கும்பொருட்டு ஒலிபெருக்கி வைக்கவேண்டியதாயிற்று. நிதியமைச்சரும் அதிகாரிகளும் வங்கித் தலைவர்களும் முந்திராவும் ஒருவர்பின் ஒருவராய் வந்து சாட்சி சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள் விசாரணை முடிந்தது. 1958 பெப்ரவரியில் அறிக்கையும் வந்துவிட்டது. ஆணைக்குழுக்கள் வருடக்கணக்காய் இழுபடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாயிருக்கும்.

அறிக்கையின் சாரம் இதுவே. அந்தக் கொள்வனவு ஒழுங்கான வியாபார முறையில் நடைபெறவில்லை. செயலாளர் தம் எல்லையை மீறியிருக்கலாம். ஆனாலும் ஓர் அமைச்சர் தமக்குக் கீழுள்ளவர் செய்ததற்குத் தாமே பாராளுமன்றத்துக்குப் பொறுப்பாளி. எனக்குத் தெரியாது என்று சொல்லி, செயலாளரின் முதுகுக்குப் பின்னே அவர் ஒளிந்துகொள்ள முடியாது. காரியம் தெரியவந்த பிறகும் அவர் அதை மறுத்து ஒதுக்கவில்லை என்பதும் அவருக்கு எதிராக நின்றது.

கிருஷ்ணமாச்சாரி லஞ்சம் வாங்கினார் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. இதை நாம் மறந்துவிடலாகாது. ஊழல் என்ற ஒரே சொல்லின் கீழ் எல்லாரையும் ஒரே மூட்டையிற் கட்டுவது நமக்கு எளிதாயிருக்கிறது. திருடியவன் வேறு, திருட்டுக்கு இடங்கொடுத்தவன் வேறு, காவலிருக்கையில் கண்ணயர்ந்தவன் வேறு. மூவரும் குற்றவாளிகளாயிருக்கலாம், ஆனால் மூவரின் குற்றமும் ஒன்றன்று. நியாயத் தராசு பிடிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். இல்லாவிட்டால் நாமும் கள்ளத் தராசு பிடித்தவர்கள் ஆவோம்.

அந்தப் பெப்ரவரி மாதத்திலேயே கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இவர் பங்கு இதில் மிகச் சிறிது என்றே நேரு கருதினார். மனவருத்தத்தோடு விலகலை ஏற்றுக்கொண்டார். வரவுசெலவுத் திட்டத்தைப் பாராளுமன்றத்தில் வைக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்ததால், பிரதமரே நிதிப் பொறுப்பை ஏற்று அதைச் சமர்ப்பிக்க நேர்ந்தது. முந்திரா பின்னாளிற் சிறை சென்றார். செயலாளர் பட்டேல் சேவையை விட்டு நீங்கினார். காலச் சக்கரம் சுழன்று, 1977இல் அவரே இந்தியாவின் நிதியமைச்சராய் வந்தார் என்பது வேறு கதை.

நம் நாட்டில் அதே ஆண்டு

1958ஆம் ஆண்டு நமக்கும் ஒரு வகையில் நினைவிற்கொள்ள வேண்டிய ஆண்டு. அவ்வாண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால்தான் இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்டத்தில் உழைக்கும் நம் தாய்மாரின் சம்பளத்திலும், துப்புரவுத் தொழிலாளியின் சம்பளத்திலும், கடைச் சிப்பந்தியின் சம்பளத்திலும் ஒரு கூறு கழிக்கப்பட்டு, முதலாளியின் கூறும் சேர்ந்து அங்கே போகிறது. அதை மத்திய வங்கி முதலீடு செய்கிறது. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லாத நம் மக்களுக்கு, வயதுபோன காலத்தில் கையில் வரும் பெருந்தொகை அது. மகளின் கலியாணமும் வீட்டுக் கூரையும் அதை நம்பியே இருக்கின்றன.

2015ஆம் ஆண்டின் திறைசேரி முறி விவகாரத்தை நீங்கள் அறிவீர்கள். அதை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு, சேமலாப நிதிக்கும் நட்டம் நேர்ந்தது என்று கூறியது. முறி என்றால் என்னவென்று அறியாத ஒரு கிழவியின் பணம் அவள் காணாத ஒரு மண்டபத்தில் கைமாறுகிறது. கல்கத்தாவில் 1957இல் நடந்ததும் இதுவே. ஆகையால் முந்திரா கதை அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிடத்தக்கதன்று.

மணப்பாட்டுக் கரையிலிருந்து மீண்டும்

விழுந்தவர் எழுந்தார். 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் கிருஷ்ணமாச்சாரி திருச்செந்தூர்த் தொகுதியில் நின்றார். போட்டியின்றியே தெரிவு செய்யப்பட்டார். திருச்செந்தூர் என்றால் முருகன் கோயில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கடற்கரைக்கே நம் திருச்சபையின் வரலாற்றிலும் பெரிய இடம் உண்டு. 1542இல் புனித சவேரியார் வந்து நடந்த முத்துக்குளித்துறை அதுவே. அவர் தங்கிச் செபித்ததாக வழங்கும் குகை மணப்பாட்டில் இருக்கிறது. அங்குள்ள திருச்சிலுவைக் கோயிலுக்குச் செப்டம்பர்த் திருநாளன்று மக்கள் திரளாய்ச் செல்கின்றனர். திருநெல்வேலிச் சீமையில் வேர் உள்ள குடும்பங்கள் நம் ஊவாத் தோட்டங்களிலும் பதுளைக் கடைத்தெருவிலும் இல்லாமலில்லை.

நேரு அவரை மறுபடியும் அமைச்சரவையிற் சேர்த்தார். முதலில் இலாகா இல்லாத அமைச்சர். 1962இல் சீனப் படையெடுப்பு நேர்ந்தபின் பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு அமைச்சர். 1963இல், காமராஜர் திட்டத்தின்படி மொறார்ஜி தேசாய் விலகியபோது, இவர் மீண்டும் நிதியமைச்சர். எந்த ஆசனத்திலிருந்து இறக்கப்பட்டாரோ அந்த ஆசனத்திலேயே ஐந்தரை ஆண்டுகளுக்குப் பின் அமர்ந்தார். இன்னும் ஒரு விசித்திரம் கேளுங்கள். அவரை இறங்கச் செய்த அறிக்கையை எழுதிய சாக்ளாவும் 1963 இறுதியில் கல்வி அமைச்சராய் அதே அமைச்சரவைக்கு வந்து சேர்ந்தார். தீர்ப்புச் சொன்னவரும் தீர்ப்புக்குள்ளானவரும் ஒரே மேசையில் இருந்து நாட்டுக் காரியத்தை ஆராய்ந்தார்கள்.

இரண்டாந் தடவை நிதியமைச்சராய் இருந்த காலத்தில், சிறு சேமிப்பாளர் பலரின் பணத்தைத் திரட்டிப் பாதுகாப்பாய் முதலிடும் பொது நிதியம் ஒன்று, யூனிட் டிரஸ்ட் என்ற பெயரில், 1964இல் தொடங்கியது. கைத்தொழில் வளர்ச்சி வங்கியும் அதே ஆண்டில் வந்தது. முன்பு பிழை நேர்ந்த துறையிலேயே அவர் நல்ல வேலையும் செய்தார் என்று சொல்லலாம்.

அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதியன்று, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் நம் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டார்கள். அதை நம் குடும்பங்களுக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். தலைமன்னாரிற் கப்பலேறும்பொருட்டுப் பதுளைப் புகையிரத நிலையத்தில் கண்ணீரோடு விடைபெற்றவர்கள் எத்தனை பேர்! சாஸ்திரியின் அந்த அமைச்சரவையில் நிதியமைச்சராய் இருந்தவர் கிருஷ்ணமாச்சாரி. நம்மைக் கேளாமலே நம் கணக்கை எழுதியவர்களுக்கும் கணக்குக் கேட்கும் ஒருவர் மேலே இருக்கிறார்.

இரண்டாம் விழுக்காடு

1965இல் மீண்டும் புயல் வந்தது. அவர் பதவியினால் அவர் பிள்ளைகள் நடத்திய குடும்ப வியாபாரம் நன்மை அடைந்தது என்று பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலர் பிரதமருக்கு முறையிட்டனர். பிரதமரே இதை ஆராய்ந்து பொய்யென்று தள்ளவேண்டும் என்பது கிருஷ்ணமாச்சாரியின் விருப்பம். சாஸ்திரியோ, நீதித்துறையில் உயர்ந்த ஒருவரிடம் இதைக் காட்டிக் கருத்துக் கேட்பதே முறை என்று நினைத்தார். அப்படியானால் தம் மேல் நம்பிக்கை இல்லை என்றுதானே பொருள் என்று இவர் மனம் புண்பட்டார். 1965 டிசம்பர் கடைசி நாளில் பதவி விலகினார். பத்துப் பன்னிரண்டு நாட்களில் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். கிருஷ்ணமாச்சாரி மறுபடி அமைச்சராகவில்லை. இசையிற் பற்றுடையவராய், சென்னை மியூசிக் அக்கடமியின் பெரிய மண்டபத்துக்குத் தம் பெயர் விளங்கும் அளவுக்கு அதற்கு உதவிய அவர், 1974இல் இறந்தார். சென்னையில் ஒரு பெருந்தெருவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டு விழுக்காடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் திறந்த விசாரணை நடந்தது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று நாடு அறிந்துகொண்டது. அவமானம் பெரிது, ஆயினும் அதனாலேயே அவர் மீண்டும் எழுந்து மக்கள் முன் நிற்க முடிந்தது. இரண்டாவதில் அவர் விலகிக்கொண்டார். சந்தேகம் மட்டும் எஞ்சியது. ஆராயப்படாத பழி கழுவப்படாத காயம் போன்றது. குற்றமற்றவனுக்கு விசாரணை பகையன்று. அதுவே அவனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய உதவி.

இதற்கு நம் திருச்சபையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புனித தோமஸ் மூர் இங்கிலாந்தின் அதிமேல் நீதிபதியாய் இருந்தவர். மன்னன் எட்டாம் ஹென்றியின் கோபத்துக்கு ஆளானபின், அவர் பழைய தீர்ப்புகளையெல்லாம் கிளறி, லஞ்சம் வாங்கினார் என்று பழி சுமத்தப் பார்த்தார்கள். பொற்பூச்சுப் பூசிய கிண்ணம் ஒன்றை வழக்காளியின் வீட்டாரிடம் பெற்றார் என்றார்கள். ஆராய்ந்தபோது, அவர் அதை வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று தெரியவந்தது. பகைவர் வெட்கி நின்றனர். அவர் 1535இல் தலை வெட்டுண்டது விசுவாசத்துக்காக, கைக்கறைக்காக அன்று. அதனாலேயே 2000ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை அரசியல்வாதிகளின் பாதுகாவலராக அறிவித்தார். சாமுவேல் தீர்க்கதரிசியும் முதிர்ந்த வயதில் மக்களைக் கூட்டி, யாருடைய மாட்டையாவது கழுதையையாவது நான் எடுத்ததுண்டா என்று தாமாகவே கேட்டார் அல்லவா? யாரும் கேட்பதற்கு முன்னே கணக்கு ஒப்புவிப்பவன் பாக்கியவான்.

நம் வீட்டு வாசலில்

அன்பு வாசகரே, அமைச்சர்களைப் பற்றிப் பேசுவது எளிது. அது நம் கையைச் சுடுவதில்லை. ஆனால் நம் இலயத்திலும் பங்கிலும் எத்தனை சிறு நிதியங்கள் இருக்கின்றன! மரண உதவிச் சங்கம் இருக்கிறது. கோயில் திருவிழாக் கணக்கு இருக்கிறது. சீட்டுப் பணம் இருக்கிறது. தொழிற்சங்கச் சந்தா மாதந்தோறும் சம்பளத்திற் கழிகிறது. தோட்டத்துக் கூட்டுறவுக் கடை இருக்கிறது. இவற்றின் பொருளாளராய் இருப்பவர் உங்கள் மைத்துனராயிருக்கலாம், மாமாவாயிருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம்.

அங்கே என்ன நடக்கிறது? கணக்குக் கேட்டால் கோபம் வருகிறது. என்னை நம்பவில்லையா என்று முகம் சிவக்கிறது. உறவு முறிந்துவிடுமே என்று கேட்பவரும் வாயை மூடிக்கொள்கிறார். பிறகு கோயில் முற்றத்தில் கிசுகிசு நடக்கிறது. நேரே கேட்காதவர்கள் மறைவிலே தீர்ப்புச் சொல்லுகிறார்கள். திருடாதவனுக்கும் திருடன் என்று பெயர் வருகிறது, திருடியவனும் தப்பிக்கொள்கிறான். பெரோஸ் காந்தி மாமனாரின் அரசாங்கத்தையே சபையறியக் கேட்டார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு உண்டு? கேட்கவேண்டிய இடத்தில், கேட்கவேண்டிய முறையில், கையில் ஆதாரத்தோடு கேட்பது பிறர்சிநேகத்துக்கு விரோதமன்று. புறணி பேசுவதே விரோதம்.

நம் முன்னோர் துண்டு முறை என்ற கொடுமையை அறிந்தவர்கள். கங்காணியின் கையிலிருந்த ஒரு துண்டுக் கடுதாசி தொழிலாளியின் கடனைச் சொல்லும். அந்தக் கடன் எப்படி வந்தது, எவ்வளவு தீர்ந்தது என்பதை எழுத வாசிக்கத் தெரியாதவன் என்ன கண்டான்? 1921இல் அம்முறை சட்டத்தினால் ஒழிந்தது. இன்று நம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். சம்பளத் துண்டை வாசிக்கத் தெரியும். சேமலாப நிதிக் கூற்றைச் சரிபார்க்கத் தெரியும். ஆகவே இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ள படித்த பிள்ளையை அழைத்து, அப்பாவின், அம்மாவின், பாட்டியின் சேமலாப நிதிக் கணக்கை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாயிருக்கின்றனவா? மாதந்தோறும் பணம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் தொழிற் திணைக்களத்தில் முறையிட வழி உண்டு. பிறகு, நீங்கள் ஏதாவதொரு சங்கத்தின் பணத்தை வைத்திருப்பவரானால், அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கணக்கேட்டை நீங்களாகவே மேசைமேல் விரித்து வையுங்கள். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

நற்செய்தியில் வருகிற வீட்டுப் பொறுப்பாளனின் உவமையை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். எசமான் அவனை அழைத்து, உன் பொறுப்பின் கணக்கைக் கொடு என்கிறார். அந்த அழைப்பு அமைச்சனுக்கும் வரும். தோட்டத் துரைக்கும் வரும். தராசு பிடித்தவனுக்கும் வரும். சங்கப் பெட்டியின் சாவியை இடுப்பிற் செருகியிருக்கும் நமக்கும் வரும். அன்றைக்குச் செயலாளரின் முதுகுக்குப் பின்னே ஒளிய இடமிராது. கிருஷ்ணமாச்சாரிக்கு அந்த நாள் இவ்வுலகத்திலேயே, ஒலிபெருக்கி வைத்த ஒரு மண்டபத்தில், ஊரார் கேட்க வந்தது. நாமோ அதற்கு முன்பே ஏட்டைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளலாம்.